பாடம் திறக்கிறது, படிக்க முடியவில்லை: இணையவழிப் பாடக் கோப்புகளில் கோளாறு பார்க்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயிற்சி மையங்களிலும் இணையவழிப் பாடம் தயாரிப்பவர்களுக்கான குறிப்பு இது. கண் தெரியாத மாணவரோ, காது கேளாத மாணவரோ, சித்தேரி மலையில் டவருக்காக மேட்டில் ஏறி நிற்கும் மாணவரோ "சார், ஓப்பன் ஆகுது, ஆனா ஒண்ணும் புரியலை" என்று சொன்னால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள், காசு கொடுக்கும் வேலை கடைசியில் இருக்கட்டும். மென்பொருள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை மிக அரிது. பெரும்பாலான புகார்கள் பழைய எழுத்துருவிலும் செல்போனில் ஸ்கேன் எடுத்த பக்கங்களிலும் போய் முடிகின்றன.

தேவையானவை இரண்டு. ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் டாக்பேக், விண்டோஸ் கணினியில் என்விடிஏ. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர்கள் இவை. இரண்டும் இலவசம். டாக்பேக்கை இயக்க, ஒலியளவுப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து 3 விநாடி அழுத்திப் பிடியுங்கள். இயங்கியதும் ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். அணைக்கவும் அதே இரண்டு பொத்தான்கள்தாம். இது தெரியாமல் பதறிப்போய் போனையே அணைத்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

கோப்பில் கைவைக்கும் முன் மாணவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தப் போன் அல்லது கணினி, எந்தக் கோப்பு, காதில் என்ன விழுகிறது. மூன்றாவது கேள்விக்கான பதில்தான் கீழே எந்தத் தலைப்புக்குப் போகவேண்டும் என்று சொல்லும்.

அறிகுறி 1: வாசிக்கவே மாட்டேன் என்கிறது, அல்லது உளறுகிறது

கோப்பைத் திறந்து இரண்டு வரியை நகலெடுத்து நோட்பேடிலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. விடை நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஒட்டியது சுத்தமான தமிழாக வந்தால்: கோப்பில் குறையில்லை, குரலில்தான் குறை. போனின் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று இருக்கும். அங்கே கூகுளின் பேச்சு இயந்திரத்தைத் தேர்ந்து, தமிழ்க் குரல் தரவை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வைஃபை இருக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கினால் போதும். விண்டோஸில் தமிழ் மொழித் தொகுப்பைப் பேச்சு வசதியோடு நிறுவினால் 'வள்ளுவர்' என்ற குரல் வரும். என்விடிஏவோடு சேர்ந்தே வரும் இ-ஸ்பீக் குரலுக்கும் தமிழ் தெரியும். கேட்க இயந்திரத்தனமாக இருந்தாலும், வேகமாக வாசிக்கவிட்டுப் பழகியவர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள். குரல் இருந்தும் வேர்டு கோப்பு ஊமையாக இருந்தால், அந்தப் பத்திகளுக்கு மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருக்கலாம். முழுவதையும் தேர்ந்து, ரிவ்யூ பட்டியில் லாங்குவேஜ் போய் தமிழ் என்று மாற்றுங்கள்.

ஒட்டியது ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால்: பழைய எழுத்துரு. வரிக்கு வரி அரைப்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் பாமினி, ஏனெனில் அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் உட்கார்ந்திருக்கிறது. தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டாப், டிஸ்கி, வானவில் வகைகளில் ஒன்று. எல்லாக் கருவியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் எழுத்துக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் டிடிபி கடைகளில் பாமினியில் அடித்துப் பழகிய கைகள் மாறவில்லை, பத்து வருடப் பழைய வினாத்தாள் கோப்புகளும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கின்றன. கண்ணுக்கு அது தமிழ்தான். ஸ்கிரீன் ரீடருக்கு அது ஆங்கிலக் குப்பை.

மாற்றும் முறை: மூலக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு ஒரு பிரதி எடுங்கள். பிரதியில் இருப்பதை என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் ஒட்டி, மூல எழுத்துருவின் பெயரைச் சரியாகக் கொடுத்து யூனிகோடாக்குங்கள். எழுத்துரு எது என்று தெரியாவிட்டால் ஒரே ஒரு வரியைப் போட்டு ஒவ்வொன்றாக முயலுங்கள், சரியானது வந்ததும் தெரிந்துவிடும். சிக்கல் கலப்பு வரிகளில்தான். பாமினிப் பத்திக்கு நடுவே 'டிஎன்ஏ' என்று ஆங்கிலத்தில் இருந்தால் மாற்றி அதையும் பாமினி என்றே எடுத்துக்கொண்டு பொருளற்ற தமிழாக்கிவிடும். எனவே மூலக் கோப்பில் ஆங்கிலச் சொற்களுக்கு மஞ்சள் தீட்டி வைத்துக்கொண்டு, மாற்றியபின் அதைப் பார்த்துக் கையால் இடுங்கள். மேற்கோள் குறி, அடைப்புக்குறி, அரைப்புள்ளி மூன்றையும் தனியாகச் சரிபாருங்கள். அறிவியல், கணக்குப் பாடங்களில் இந்தச் சரிபார்ப்புக்கே மாற்றுவதைவிட அதிக நேரம் போகும். இறுதிக் கோப்பில் நிர்மலா யுஐ, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றில் ஒன்றை வையுங்கள்.

எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால்: அது படம். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்ததாகவோ, கையெழுத்து நோட்டைப் போனில் பிடித்ததாகவோ இருக்கும். முதலில் அச்சுக்குப் போன மூலக் கோப்பு யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மற்ற எல்லா வழியையும்விட அது மலிவு. இல்லையென்றால் பக்கங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கில் 'ஓப்பன் வித்' போய் கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலுள்ள தமிழ் எழுத்தாகிவிடும். நீளமான பிடிஎஃப்பை ஒரேயடியாகக் கொடுக்காமல் சில பக்கங்களாக வெட்டிக் கொடுங்கள். புத்தகத்தை விரித்து இரண்டு பக்கத்தையும் ஒரே படமாக எடுத்தால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்துவிடும், பக்கம் பக்கமாக எடுங்கள். ஸ்கேன் தெளிவு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதைப் பயன்படுத்தாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். அதே படத்தை 'டாக்குமென்ட்' என்று அனுப்பச் சொன்னால் தரம் குறையாது.

மாற்றிவந்ததில் ர–ற, ன–ண, குறில்–நெடில் சுழிகளைக் குறிவைத்துப் பாருங்கள். கையெழுத்து நோட்டுக்கு இந்த வழி சரிவராது. அதை ஒருவர் நிதானமாக வாசிக்க, போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையிலுள்ள தமிழ்க் குரல் தட்டச்சில் ஏற்றுவது வேகம்.

தமிழாகத்தான் வருகிறது, ஆனால் கொம்பு இடம் மாறியிருக்கிறது என்றால்: 'பொருள்' என்பது 'ெபாருள்' என்று ஒட்டப்படுகிறதா? யூனிகோடில் அடித்த தமிழே பிடிஎஃப் ஆகும்போது எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டுவிடும், அதனால் வரும் கோளாறு. இதை பிடிஎஃப்புக்குள் போய்த் திருத்த முயன்று நாளை வீணாக்க வேண்டாம். வேர்டு கோப்பையே மாணவருக்குக் கொடுங்கள், அல்லது இணையவழிப் பாடத்தளமான மூடுலில் பக்கமாக ஏற்றுங்கள், அல்லது கூகுள் டாக்ஸிலிருந்து இபப் என்ற மின்னூல் வடிவில் இறக்கிக் கொடுங்கள். பிடிஎஃப் வேண்டும் என்பவர்களுக்கு அதையும் கூடவே வைக்கலாம்.

வெளியாளைக் கூப்பிடும் கட்டம்: மூலக் கோப்பு இல்லாத பழைய அச்சுப் புத்தகம், அதுவும் நூற்றுக்கணக்கான பக்கம், அட்டவணையும் சமன்பாடும் நிறைந்தது என்றால் தட்டச்சு செய்பவரிடம் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது 'யூனிகோடில் மட்டும், வேர்டு கோப்பாக' என்று எழுதியே கொடுங்கள். அதற்கும் முன்னால் சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் அந்தப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கென்றே 2016-இல் தொடங்கப்பட்டது அது.

அறிகுறி 2: வாசிக்கிறது, ஆனால் சில சொற்கள் மட்டும் கோணலாக ஒலிக்கின்றன

கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள்தான் காரணம். கண்ணால் எத்தனை முறை மெய்ப்புப் பார்த்தாலும் அகப்படாது, காதால் கேட்டால் உடனே அகப்படும்.

'ா' துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருப்பார்கள், 'பாடம்' 'பரடம்' ஆகியிருக்கும். 'எ' இருக்கவேண்டிய இடத்தில் தமிழ் எண் '௭', 'க' இடத்தில் '௧', 'அ' இடத்தில் '௮' இருக்கும். தமிழ் எண்களைத் தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். பாடத்தில் தமிழ் எண் பற்றிய பகுதி இல்லையென்றால் கிடைப்பதெல்லாம் பிழைதான்.

அதிகம் படுத்துவது ஔகாரம். 'ஔவையார்' என்பதை 'ஒ', 'ள' என இரண்டு எழுத்தாக 'ஒளவையார்' என்று அடித்தால் 'ஒள-வையார்' என்றுதான் ஒலிக்கும். 'கௌதமர்', 'வௌவால்', 'பௌர்ணமி' எல்லாவற்றுக்கும் இதே கதி. இதற்காக 'ஒள' என்பதை ஒரேயடியாக 'ஔ' என்று மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள். 'ஒளி', 'ஒளிச்சேர்க்கை' எல்லாம் உடைந்துபோகும். 'வெள' என்பதை மாற்றினால் 'வெளி' போகும், 'கெள' என்பதை மாற்றினால் கெளுத்தி மீன் போகும். முழுச் சொல்லாகத் தேடி ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

சுருக்கங்களையும் விரித்துவிடுங்கள். 'கி.மீ.', 'மி.லி.', 'எ.கா.' என்பவற்றைக் குரல் எழுத்தெழுத்தாகத் தடுமாறிச் சொல்லும். 'கிலோமீட்டர்' என்று எழுத இடம் ஒன்றும் குறைந்துவிடாது.

அறிகுறி 3: எல்லாம் வாசிக்கிறது, ஆனால் தேடியது கிடைக்கவில்லை

40 பக்கப் பாடத்தில் மூன்றாம் அலகுக்குப் போக முதல் பக்கத்திலிருந்து கேட்டுவர வேண்டியிருக்கிறது என்பார் மாணவர். வேர்டில் வியூ பட்டியில் நேவிகேஷன் பேனைத் திறங்கள். காலியாக இருந்தால் தலைப்பு என்று ஒன்றுமே இல்லை, எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அலகுத் தலைப்பில் கர்சரை வைத்து கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் அழுத்துங்கள். உட்தலைப்புக்கு 2. தோற்றம் பிடிக்கவில்லையென்றால் ஸ்டைலை மாற்றிக்கொள்ளலாம், தலைப்பு என்ற அடையாளம் போகாது. இனி மாணவர் என்விடிஏவின் பிரவுஸ் மோடில் (என்விடிஏ விசையும் ஸ்பேஸும்) ஹெச் விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவலாம்.

பிடிஎஃப் ஆக்கும்போது சேவ் ஆஸ் வழியாகப் போய், ஆப்ஷன்ஸில் 'டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் ஃபார் ஆக்ஸசிபிலிட்டி' என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் போட்ட தலைப்பெல்லாம் அழிந்துவிடும்.

அட்டவணைகள் தனித் தலைவலி. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியின் விலைப் பட்டியலைப் பாடத்தில் வைப்பதாக வைத்துக்கொள்வோம்: தேதி, ரகம், வரத்து, குறைந்த விலை, அதிக விலை. டேப் விசையால் தள்ளித் தள்ளி அடித்திருந்தால் கேட்பவருக்கு எண்கள் வரிசையாகக் கொட்டும், எது வரத்து, எது விலை என்று தெரியாது. இன்செர்ட் வழியாக உண்மையான அட்டவணை போட்டு, முதல் வரிசையைத் தேர்ந்து 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுங்கள். கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள், மூன்று வரிசைக்கும் ஒரே தேதி என்றால் மூன்றிலும் எழுதுங்கள். விவரம் இல்லாத கட்டத்தில் 'இல்லை' என்று போடுங்கள். காலிக் கட்டத்தைக் கடக்கும்போது குரல் நின்றுவிட்டதோ என்று கேட்பவருக்குக் குழப்பம் வரும்.

பவர்பாயிண்டில் வரிசை தவறி வாசித்தால் அரேஞ்ச் பொத்தானில் செலக்‌ஷன் பேனைத் திறங்கள். அதில் கீழே இருப்பதுதான் முதலில் வாசிக்கப்படும், தலைப்பு அடியில் இருக்கவேண்டும். இணைப்புகளில் 'இங்கே சொடுக்கவும்' என்று பத்து இடத்தில் இருந்தால், இணைப்புப் பட்டியலை எடுக்கும் மாணவருக்கு அதே வாசகம் பத்து முறை கேட்கும். 'அலகு 3 பயிற்சித்தாள்' என்று பெயரையே இணைப்பாக்குங்கள்.

அறிகுறி 4: 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது

படத்தின் மேல் வலது சொடுக்கில் 'எடிட் ஆல்ட் டெக்ஸ்ட்' போய், படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் விளக்கத்தை எழுதுங்கள். மூடுலில் படம் ஏற்றும்போதே விளக்கம் கேட்கும், அலங்காரப் படமென்றால் அதற்கான டிக் தனியே உண்டு. என்ன எழுதுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 'பட்டுப்புழு படம்' என்று எழுதுவது எழுதாமல் விட்டதற்குச் சமம். 'பட்டுப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சி: முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்ற வரிசையில் அம்புக்குறிகள், புழுப் பருவத்தில் நான்கு தோலுரிப்புகள்' என்று எழுதினால் தேர்வுக்குப் பயன்படும். வரைபடத்துக்கும் அப்படியே: கிருஷ்ணகிரி மாவட்டப் படத்தில் வடக்கே ஆந்திரம், மேற்கே கர்நாடகம், தெற்கே தருமபுரி என்று படம் எதைக் கற்பிக்க வைக்கப்பட்டதோ அதைச் சொல்லுங்கள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் விளக்கத்தைப் பாடத்துக்குள்ளேயே பத்தியாக எழுதிவிடுங்கள், கண் தெரிந்தவர்களுக்கும் அது உதவும்.

தொட்டுணர வேண்டிய வரைபடம் கேட்கப்பட்டால் அது நம் கையால் ஆகாது. முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் விசாரியுங்கள்.

அறிகுறி 5: வீடியோ ஓடுகிறது, காது கேளாத மாணவருக்குப் பயனில்லை

வசன வரிகள் இல்லவே இல்லையா, இருந்தும் தப்பா, கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

கட்டமோ கேள்விக்குறியோ வந்தால் வசன வரிகள் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பைத் தவறான குறியாக்கத்தில் சேமித்திருக்கிறார்கள். நோட்பேடில் திறந்து சேவ் ஆஸ் போய் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 தேர்ந்து சேமியுங்கள். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் எழுத்து திரும்பாது, மூலத்திலிருந்துதான் மறுபடி எடுக்கவேண்டும். வரிகள் தோன்றவே இல்லையென்றால் நேரக் குறியைப் பாருங்கள். 00:00:05,000 --> 00:00:08,500 என்ற வடிவில், மில்லி விநாடிக்கு முன் காற்புள்ளி இருக்கவேண்டும், முற்றுப்புள்ளி அல்ல.

யூடியூப் தானாகப் போடும் வரிகளை அப்படியே விடாதீர்கள். ஓசூர், சூளகிரி, தளி பக்கத்து வகுப்பில் பேச்சுத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலக் கலைச்சொல்லும் கலந்துதான் வரும், ஒரு மொழி என்று வைத்துக் கேட்கும் இயந்திரம் அந்த இடங்களில் கற்பனையாக எதையாவது எழுதிவிடும். யூடியூப் ஸ்டுடியோவின் சப்டைட்டில்ஸ் பகுதியில் அதைத் திருத்தலாம். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஆசிரியர் 'இத இங்க போட்டா அது அங்க போயிரும்' என்று கரும்பலகையைக் காட்டிச் சொல்லும் இடத்தில் எது, எங்கே என்று எழுதுங்கள். பழகாத கைக்கு ஒரு மணிநேரப் பாடத்துக்கு ஒரு முழு வேலைநாள் போய்விடும். அதனால் பாடத்தையே பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக எடுப்பது புத்திசாலித்தனம்.

சைகை மொழியிலேயே வளர்ந்த மாணவருக்குத் தமிழ் வரிகள் மட்டும் போதாமல் போகலாம். அப்போது தகுதி பெற்ற சைகைமொழி பெயர்ப்பாளர்தான் வேண்டும். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். நண்பர் ஒருவர் கையசைத்துச் சமாளிப்பதைப் படம்பிடித்துப் போடுவது உதவியல்ல.

அறிகுறி 6: இறங்கவே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது

வத்தல்மலை, அஞ்செட்டி, சித்தேரி பக்கத்திலிருந்து வரும் புகாரில் முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். 500 கேபிபிஎஸ் (விநாடிக்கு 500 கிலோபிட்) வீடியோ ஒரு மணிநேரத்துக்கு 225 எம்பி. அதே பாடத்தின் ஒலியை மட்டும் 64 கேபிபிஎஸ், மோனோ எம்பி3 ஆக எடுத்தால் 28.8 எம்பி. 32 கேபிபிஎஸில் 14.4 எம்பி, பேச்சுக்கு அதுவே தாராளம். பாடத்தின் எழுத்து வடிவம் சில நூறு கேபிதான். மூன்றையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவை எழுதிவிடுங்கள். எதை இறக்குவது என்று மாணவரே முடிவு செய்வார்.

அறிகுறி 7: எழுத்து மங்கலாக இருக்கிறது என்கிறார்

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்கவேண்டும். 18 புள்ளியும் அதற்கு மேலும் உள்ள பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளையில் கருப்பு 21:1. ஆசிரியர்களுக்குப் பிடித்த பளீர் சிவப்பு வெள்ளையில் 4:1-தான், சிறிய எழுத்துக்குத் தேறாது. வெள்ளையில் மஞ்சள் 1.1:1-ஐக்கூடத் தொடாது. முக்கியமான வரியைத் தடிமனாக்குங்கள், அடர்நீலத்தில் வையுங்கள். 'சிவப்பில் உள்ளவை சரியான விடைகள்' என்று மட்டும் சொல்லாமல் விடையின் முன்னால் 'சரி' என்று எழுதுங்கள், நிறக்குருடு உள்ளவருக்கும் ஸ்கிரீன் ரீடருக்கும் அதுதான் வழி. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது என்றால் காரணம் பிடிஎஃப். அறிகுறி 1-இல் சொன்னபடி வேர்டு அல்லது இபப் கொடுங்கள்.

அறிகுறி 8: விடை தெரியும், நேரம் போதவில்லை

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் 2018 வழிகாட்டுதலில் எழுத்துத் தேர்வுக்குச் சொல்லப்பட்டது மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம். இணையத் தேர்வுக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்: 60 நிமிடத் தேர்வு 80 நிமிடம். மூடுலில் தேர்வைத் திறந்து ஓவர்ரைட்ஸ் பகுதியில் யூசர் ஓவர்ரைடு சேர்த்து, அந்த மாணவரின் பெயருக்கு நேரத்தை மாற்றுங்கள். தேர்வு மூடும் நேரத்தையும் சேர்த்தே தள்ளிவையுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம், 80 நிமிடம் கொடுத்திருந்தும் 60-ஆவது நிமிடத்தில் தேர்வு மூடிக்கொள்ளும்.

கூகுள் படிவத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி நேரக் கட்டுப்பாடு உள்ளமைவாக இல்லை. அங்கே அந்த மாணவருக்குப் படிவத்தின் தனிப் பிரதி ஒன்றை வேறு நேரத்தோடு கொடுப்பதே சிக்கலில்லாத வழி. படத்தின் மேல் இழுத்து வைக்கும் வகைக் கேள்விகள் இருந்தால் எவ்வளவு நேரம் கூட்டினாலும் கண் தெரியாதவரால் எழுத முடியாது. அவற்றைப் பொருத்துக கேள்வியாக மாற்றி, தேர்வுக்கு முந்தைய நாள் மாணவரையே ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.